என் கல்யாணக் கேசட்டுக்குள் ஒரு கடை

எங்கள் வீட்டில் டிவி பார்ப்பது என்றால் பாதி நேரம் என் வீட்டுக்காரரின் புலம்பலையும் சேர்த்துக் கேட்பதுதான். நாடகத்தில் மாமியார் மருமகளைத் துரத்திக்கொண்டிருப்பார். மருமகள் வாசற்படியில் விழுந்து அழுவாள். அவளுக்கும் நமக்கும் நடுவில் மேசைமேல் ஒரு பால்மா டின், பெயர் எழுதிய பக்கத்தை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு முதல் ஆளாக வந்த சம்பந்தி மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

"இது நாடகமா, கடையா? அழுவுற பொம்பளைக்கு முன்னால டின்ன கொண்டாந்து வச்சிருக்கான் பாரு," என்பார் அவர். நான், "பேசாம பாருங்க," என்பேன். அவருக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் என்னால் அந்த டின்னைத் திட்ட முடியாது. இப்படிக் கதைக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்ட ஒரு விளம்பரம் எங்கள் குடும்பத்துக்குச் செய்த உபகாரம் அப்படி.

நான் பிறந்து வளர்ந்தது இரத்தினபுரிப் பக்கம், கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்குக் கரண்ட் அப்போது வந்திருக்கவில்லை. முழு வரிசைக்கும் ஒரே டிவி, அது எங்கள் வீட்டில் இருந்தது. அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போன புதிதில் அனுப்பியது. கார் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கினால் அப்பா அதைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. விளம்பரம் வந்தால் அப்பா எழுந்து டிவியை அமத்திவிடுவார்.

அமத்தியதும் கூட்டம் கலையும். ஒருத்தர் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பார், ஒருத்தர் அடுப்பில் பருப்பைக் கிளறிவிட்டு வருவார். அப்பா வாசல் இஸ்தோப்பில் நின்று ஒரு பீடி பிடிப்பார். பீடி முடிந்ததும் உள்ளே வந்து டிவியைப் போட்டால் சரியாகப் படம் தொடங்கியிருக்கும். கொஞ்சம் பிந்திவிட்டால் லயமே சேர்ந்து அவரைத் திட்டும். இந்த மாதிரி வருஷக்கணக்கில் டிவி பார்த்தும் ஒரு விளம்பரத்தைக்கூட நாங்கள் முழுசாகப் பார்த்தது கிடையாது.

அம்மா போகும்போது ஒரு தவணை என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு தவணை முடியும்போதும், "மேடம் விட மாட்டேங்குறாங்க, இன்னும் ஒரு தரம்," என்றார். அந்த வீட்டில் படுத்த படுக்கையாக மேடத்தின் தாய் இருந்தாராம். அம்மா ஊட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்குமாம். நடுவில் ஒரே ஒரு தடவை லீவில் வந்தார், வந்த வேகத்தில் போனார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பீலியடியில் நாலு பேர் இருக்கும்போதே, "என் அம்மாவ அந்த ஊருக்காரிக்குத் தத்து குடுத்தாச்சு," என்று சத்தம் போட்டிருக்கிறேன். அப்பா அதைக் கேட்டும் கேட்காத மாதிரி போவார். அவர் தானே சமைத்து, தானே துணி துவைத்து, என்னையும் வளர்த்துக்கொண்டு, ஒரு நாளும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனுஷர்.

ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எனக்கு மாப்பிள்ளை அமைந்தது. அம்மாவுக்கு வர முடியவில்லை. அவருடைய போன் கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்குத்தான் வரும். பிரிட்ஜ், அலுமாரி, பேன், கேஸ் குக்கர் என்று விற்கிற பெரிய கடை. கடைக்காரர் முஸ்லிம் ஆள், அவரை நாங்கள் எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். தோட்டத்துப் பெண்கள் வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் லயத்துக்கு ஆள் அனுப்பிச் சொல்லுகிற நல்ல மனுஷர்.

அன்றைக்குப் போனில் அம்மா அழுதார். "கல்யாணத்த வீடியோ எடுத்து அனுப்பும்மா. அத பாத்தா எனக்குப் போதும்."

"எனக்குப் போதாது," என்றேன். "பாத்துட்டு நீங்க வரணும். அதுக்குத்தான் அனுப்புவேன்."

சொல்லிவிட்டேனே தவிர, வீடியோ எடுக்க எங்களுக்கு எங்கே வசதி? போனை வைத்துவிட்டு அப்பாவும் நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். நானாவின் கடை டிவியில் ஒரு பிரிட்ஜ் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. நானா பேச்சை மாற்றுவதற்காகத்தானோ என்னவோ, "இந்த விளம்பரம் லயத்துலயும் பாக்குறீங்கதானே? எப்பிடி ஈக்குது?" என்று கேட்டார்.

அப்பாவுக்குப் பொய் வராது. "விளம்பரம் வந்தா அமத்திருவோம் நானா. பேட்டரி எறங்கிரும்ல."

நானாவின் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வரும். "எல்லா லயத்துலயுமா?" என்றார். "பேட்டரி உள்ள எல்லா எடத்துலயுந்தான்," என்றார் அப்பா. கம்பெனிக்காரன் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு எடுத்த விளம்பரத்தை எங்கள் மலை முழுக்கப் பீடி பிடித்தே கழித்துவிட்டது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மகள், கல்யாணக் கேசட்ட லயத்துல யாராவது அமத்துவாங்களா?"

அது எப்படி அமத்துவார்கள்? எங்கள் பக்கம் ஒரு கல்யாணக் கேசட் வந்தால் அது வீட்டில் தங்காது. வீடியோ டெக்கும் பேட்டரியுமாக லயம் லயமாகப் போகும், அடுத்த தோட்டத்துக்குப் போகும், நிவித்திகல பக்கத்துச் சொந்தக்காரர் வரைக்கும் போய்விட்டு ஓரம் கிழிந்த உறையோடு திரும்பி வரும். தன் முகம் எந்த இடத்தில் வருகிறது என்று பார்க்கவே ஒவ்வொருத்தரும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். நானாவுக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

"வீடியோ என் பொறுப்பு," என்றார். "கல்யாணத்துக்கு முந்தின நாள் என்ட சாமான் எல்லாம் உங்கட வீட்டுக்கு வரும். கல்யாணம் முடிஞ்சா லொறி வந்து ஏத்திட்டுப் போகும். நடுவுல அதெல்லாம் படத்துல வடிவா விழணும், அவ்வளவுதான். பாருங்க, இனி வாற காலத்துல விளம்பரம் எண்டு தனியா ஒண்டு ஈக்காது. எல்லாம் கதைக்குள்ளயே வந்துரும். அமத்த நினைச்சாலும் யாருக்கும் ஏலாது."

இன்றைக்கு என் வீட்டுக்காரர் பால்மா டின்னைத் திட்டும்போதெல்லாம் நானாவின் இந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வரும். பெரிய ஊர்களில் கோட்டுப் போட்டவர்கள் கூட்டம் கூடிப் பேசியதை அவர் கஹவத்தையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றே சொல்லிவிட்டார்.

அப்பா தயங்கினார். "நம்ம வீட்டுல இல்லாத சாமான இருக்கிற மாதிரி காட்டுறதா?" என்றார். நான் விடவில்லை. "அம்மா பாக்கணுமா வேணாமாப்பா?" என்று ஒரே கேள்வி கேட்டேன். அதோடு பேச்சு முடிந்தது.

சொன்ன மாதிரியே லொறி வந்தது. ரோட்டிலிருந்து லயத்துக்குப் படி ஏற வேண்டும். ஆண்கள் எல்லாம் சேர்ந்து பிரிட்ஜைப் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். அலுமாரி உள்ளறைக் காம்பிராவில், பேன் இஸ்தோப்பில், பிரிட்ஜும் குக்கரும் குசினியில் விறகடுப்புக்குப் பக்கத்தில். கரண்டே இல்லாத லயத்தில் பிரிட்ஜ்! பார்க்க வந்தவர்கள் கதவைத் திறந்து திறந்து மூடினார்கள். உள்ளே குளிரவில்லையே என்று ஒரு அக்கா உண்மையாகவே கவலைப்பட்டார்.

வீடியோக்காரர் இரத்தினபுரியிலிருந்து வந்த சிங்களவர். கோயில், மாலை, பந்தி என்று எடுத்துப் பழகியவர். அதற்கு முன் எத்தனையோ தோட்டத்துக் கல்யாணம் எடுத்திருந்தும் ஒரு லயத்துக் குசினிக்குள் கமராவோடு வந்தது அதுதான் முதல் தடவையாம். முகூர்த்தத்துக்கு முன்னால், கூரைப்புடவையும் பூவுமாக என்னைக் குசினியில் நிறுத்தினார்கள். நான் பிரிட்ஜைத் திறந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, கிளாஸில் ஊற்றி, குடித்து, சிரிக்க வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளே இருட்டு. அதற்கு ஒரு டோர்ச் லைட்டைப் பற்றவைத்து மேல் தட்டில் ஒளித்து வைத்தார் வீடியோக்காரர். திரும்பத் திரும்ப எடுத்தார். "நங்கி, பொட்டக் ஹினா வென்ன," கொஞ்சம் சிரி தங்கச்சி என்று கெஞ்சினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போத்தலாலேயே போட்டிருப்பேன். கல்யாணப் பெண்ணை ஒரு நல்ல நாளில் குளிராத பிரிட்ஜிலிருந்து சூடேறிய தண்ணீரைக் குடிக்க வைத்துச் சிரிக்கச் சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வரும்? குசினிக்குள் எல்லாரும் எங்களையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் அப்பா பந்தி வேலைக்காகத் தண்ணீர் சுமந்துகொண்டு உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தார்.

பிறகு கோயிலில் தாலி ஏறியது. அம்மா நிற்க வேண்டிய இடத்தில் சின்னம்மா நின்றார். மறுநாள் லொறி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ருவான்வெல்லைக்குப் போனேன்.

கேசட் வந்தது. திரும்பத் திரும்ப எடுத்த எதையும் வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அதில் நான் இருக்கும் நேரத்தைவிட பிரிட்ஜ் இருக்கும் நேரம் அதிகம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேலி செய்வார். கேலி அதோடு நின்றதா? கேசட் அவர்கள் பக்கத்து லயங்களிலும் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லாம் அந்தச் சாமான்களை என் சீர் என்று எடுத்துக்கொண்டார்கள். சனங்கள் வந்து என் மாமியாரிடம், "மருமகளோட பிரிட்ஜ் எங்க, காணோம்?" என்று விசாரித்தார்கள். நான் குசினிக்குள் போய் ஒளிந்துகொண்டேன். மாமியார் வெற்றிலையை மென்றபடி அலுங்காமல் சொன்னார்: "நம்ம லயத்துல கரண்ட் இல்லைல்ல. வந்ததுக்கப்புறம் கொண்டாருவோம்." உள்ளே வந்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஒரு பொய்க்காகவே என் மாமியாருக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள்.

கேசட்டின் ஒரு கொப்பி, குவைத்துக்குத் திரும்பிப் போன பக்கத்துத் தோட்டத்து அக்காவின் கையில் அம்மாவுக்குப் போனது. கொஞ்ச நாளில், அம்மா வெள்ளிக்கிழமை கூப்பிடுவார், கட்டாயம் நீதான் வர வேண்டும் என்று நானா எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் பஸ் ஏறி கஹவத்தைக்குப் போனேன். புடவை எப்படி, மாப்பிள்ளை எப்படி என்று கேட்பார், பிறகு வருவாரா மாட்டாரா என்று நான் கேட்டுவிட வேண்டும் என்று வழி முழுக்க மனசுக்குள் பேசிக்கொண்டு போனேன்.

அம்மா புடவையைக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே, "அப்பாவுக்கு எத்தன நாளா அப்புடி இருக்கு?" என்றார்.

"எப்புடிம்மா? அப்பா நல்லாத்தான இருக்காரு."

"நீ தண்ணி குடிக்கிற எடத்துல பாரு. பின்னால பாரு." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

நானா கடைக் கேசட்டை டெக்கில் போட்டார். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக அவர் ஒரு கொப்பி வைத்திருந்தார். எத்தனையோ தடவை பார்த்த இடம்தான். நான் முறைத்துக்கொண்டு பிரிட்ஜைத் திறக்கிறேன். டோர்ச் வெளிச்சம் அடிக்கிறது. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம், பின்வாசலில், அப்பா தண்ணீர்க் குடத்தோடு வருகிறார். பாதி வழியில் குடத்தை இறக்கி வைக்கிறார். நிலையைப் பிடித்துக்கொள்கிறார். இன்னொரு கை நெஞ்சை அமுக்குகிறது. தலை குனிந்தபடி மூச்சுக்காகக் காத்து நிற்கிறார். அப்புறம் யாராவது பார்த்தார்களா என்று ஒரு தரம் சுற்றிப் பார்க்கிறார். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். கதவு மறுபடி திறக்கிறது, மறுபடி எடுக்கிறார்கள், அப்பா இன்னொரு குடத்தோடு வந்து அதே இடத்தில் மறுபடி நிற்கிறார்.

நானா டெக்கை நிறுத்திவிட்டு, "யா அல்லாஹ்," என்று உட்கார்ந்துவிட்டார்.

அங்கிருந்தே மலைக்கு ஓடினேன். அப்பா என்னைக் கண்டதும், "என்னா திடீர்னு?" என்றார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பற்றிக் கேட்டதற்கு, "வாயு," என்றார். கல்யாண வேலைக்கு முன்பே தொடங்கிய வாயுவாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் குளிசை கொடுத்தார்களாம், சரியாகிவிட்டதாம். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கத்தினேன், அழுதேன், காலைப் பிடித்தேன். "ஒங்க அம்மா வரட்டும் பாப்போம்," என்று ஒரே பிடிவாதம். அம்மா எங்கே வரப்போகிறார் என்ற தைரியம் அவருக்கு.

அங்கே குவைத்தில் நடந்ததை அம்மா பிறகு சொன்னார். அவர் கேசட்டை மேடத்தின் வீட்டுக் கூடத்தில்தான் போட்டுப் பார்த்திருக்கிறார். மேடமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம். அம்மாவின் கண் அப்பாமேல் நின்ற அதே நேரம் மேடத்தின் கண் பிரிட்ஜ்மேல் நின்றது. பிறகு குக்கர், பேன், கண்ணாடி வைத்த அலுமாரி. "இவ்வளவு இருக்கா உங்க வீட்டுல?" என்று மேடம் அதிசயப்பட்டாராம். "எங்க வீட்டுல இருக்கிறதவிடப் புதுசா இருக்கே! அப்புறம் எதுக்கு நீ இங்க வந்து கஷ்டப்படுற?"

இத்தனை வருஷம் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுது கேட்டும் விடாத மேடம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்: "ஆமா மேடம். எல்லாம் இருக்கு. நா மட்டுந்தான் அங்க இல்ல."

நானாவின் விளம்பரம் எங்கள் மலையில் ஒரு பிரிட்ஜ்கூட விற்றுக் கொடுக்கவில்லை. கடல் தாண்டிப் போய் அந்த மேடத்திடம் மட்டும் சரியாக வேலை செய்துவிட்டது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அம்மாவின் கைக்கு வந்தன.

அம்மா வந்து இறங்கியபோது அப்பா இஸ்தோப்பில் எழுந்து நின்று, "ஒன்னுமில்லங்குறேன், இந்தப் புள்ள சும்மா பயந்துருச்சு," என்று தொடங்கினார். அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சட்டையப் போடுங்க, போவோம்," என்றார். அப்பா சட்டையைப் போட்டார். இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு. இன்னும் கொஞ்ச நாள் குடம் தூக்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். அதைக் கேட்டு ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்து அழுத அழுகையில் என் பீலியடிக் கோபமெல்லாம் கரைந்துபோனது.

அண்மையில் அந்த வீடியோக்காரரை இரத்தினபுரியில் கண்டேன். இப்போது கம்ப்யூட்டரில்தான் வேலையாம். இனி சாமானைக் கொண்டுபோய் வைக்கவே தேவையில்லை, படம் எடுத்து முடித்த பிறகு மேசைமேல் எந்த டின்னை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம், ஊருக்கு ஒரு டின்கூட ஒட்டலாம் என்றார். அவருக்கு அதில் பெருமை. எனக்கு அது பிடிக்கவில்லை. நானாவுக்கு அந்த வசதி அன்றைக்கு இருந்திருந்தால் பிரிட்ஜ் கடையிலேயே நின்றிருக்கும், கமரா கோயிலோடு திரும்பிப் போயிருக்கும். எங்கள் குசினிக்குள் யார் வந்திருப்பார்கள்? அதனால் டிவியில் எந்தச் சாமானைக் கொண்டுவந்து வைத்தாலும் நான் அதற்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பேன். யாரையும் காணாவிட்டால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

அப்பா தேறி நடக்கத் தொடங்கியதும் நாங்கள் மூன்று பேருமாக நானாவின் கடைக்கு நன்றி சொல்லப் போனோம். அவர் எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். அந்த பிரிட்ஜ் இன்னும் விற்காமல் கடை நடுவில் நின்றது. நானாவுக்கு அதைக் காட்டுவதில் ஒரு சந்தோஷம். அதன் தலையில் தட்டி, "எல்லாம் இவராலதான் தங்கச்சி. படத்துல எப்பிடி ஈந்தார் எண்டு சொல்லுங்களேன்," என்றார்.

அம்மா பிரிட்ஜை மேலும் கீழும் பார்த்தார். நான் பதிலுக்காகப் பயந்துகொண்டிருந்தேன், வாய் நீளம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியுமே.

"கோவிச்சுக்காதீங்க நானா," என்றார் அம்மா. "கேசட்டு தேயிற வரைக்கும் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு தரமும் இது வந்து இவர மறைச்சுக்கிட்டே நின்னுச்சு."

நானா வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அப்பாவுக்கு வெட்கம். போவோம் என்று எழுந்தார். கடையை விட்டுப் படியிறங்கும்போது, அத்தனை கடைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.